எஞ்சின் நிற்கும் புளியமரம்

ஈச்சந்தாங்கல் என்று ஓர் ஊர் கிடையாது. ஸ்டேஷன் மட்டும்தான் உண்டு.

சின்னசேலத்திலிருந்து மேற்கே ஆத்தூர் போகிற மீட்டர்கேஜ் பாதையில், தெற்கே ஏரி, வடக்கே மானாவாரி நிலம், அதற்கும் அப்பால் கல்வராயன் மலை. நடுவில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. வெள்ளைக்காரன் தண்டவாளம் போட்ட காலத்தில் சுற்றியிருந்த மூன்று ஊர்க்காரர்களும் ஸ்டேஷன் எங்கள் ஊருக்குத்தான் வரவேண்டும் என்று மல்லுக்கு நின்றார்களாம். அளவெடுக்க வந்த அதிகாரியின் குதிரையை ஓர் ஊர்க்காரர்கள் ஒளித்துவைத்தார்கள். இன்னோர் ஊர்க்காரர்கள் அவருக்குக் கோழி அடித்துப் போட்டார்கள். மூன்றாவது ஊர்க்காரர்கள் இரண்டையும் செய்தார்கள். மனம் வெறுத்துப்போன அந்த மனுஷன், மூன்று ஊருக்கும் ஒரே தூரத்தில், ஒருவருக்கும் சொந்தமில்லாத ஏரிக்கரையில் முளைக்குச்சியை அடித்துவிட்டுப் போய்விட்டாராம். அன்றிலிருந்து மூன்று ஊருக்கும் ரயிலைப் பிடிக்க ஒரே அளவு நடை, ஒரே அளவு எரிச்சல்.

ஆறு பெட்டி நிற்கிற நீளத்துக்கு ஒரு மண்மேடை. மேடை என்று மரியாதைக்குச் சொல்வதுதான். கடைசிப் படியிலிருந்து ஒரு குதி குதித்தால்தான் கால் தரையில் படும். கிழக்கு முனையில் பெயர்ப்பலகை. நடுவில் டிக்கெட் அறை, அதை ஒட்டி ஒரு வேம்பு, வேம்படியில் மண்பானை. மேற்கு முனையில், மேடை முடிந்து கருவேல முள் ஆரம்பிக்கிற இடத்தில், புளியமரம்.

அந்தப் புளியமரம்தான் எஞ்சின் டிரைவர்களுக்குக் குறி. பெரிய ஸ்டேஷன்களில் எஞ்சின் எங்கே நிற்கவேண்டும் என்று பலகை வைத்திருப்பார்கள். ஈச்சந்தாங்கலுக்கு அந்தப் பலகை வரவே இல்லை. மரத்துக்கு நேராகப் புகைபோக்கியைக் கொண்டுவந்து நிறுத்தினால் கடைசிப் பெட்டி பெயர்ப்பலகைக்கு எதிரே வந்து நிற்கும். பழைய டிரைவர்கள் புது டிரைவர்களுக்கு அதைச் சொல்லிவைத்திருந்தார்கள். அதனால் மேடையில் அவரவர்க்கு ஓர் இடம் அமைந்துவிட்டது. மலையிலிருந்து இறங்கும் சீத்தாப்பழத்தைக் கூடை கூடையாக ஆத்தூருக்குக் கொண்டுபோகும் செல்லியம்மாளுக்குப் பெயர்ப்பலகை அடி. அவள் கூடைகளை வரிசையாக வைத்திருப்பாள். ரயில் வந்து நிற்கும்போது கடைசிப் பெட்டியின் கதவு முதல் கூடைக்கு நேராக இருக்கும். ஜவ்வரிசி மில்லுக்குப் போகிற ஆட்களுக்குப் புளியமர நிழல், முதல் பெட்டி. யாராவது இடம் மாறி நின்றால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

தைரியநாதனின் இடம் டிக்கெட் அறை. அவன் ரயில்வே உத்தியோகஸ்தன் இல்லை. சின்னசேலத்தில் டிக்கெட்டுகளை மொத்தமாக எடுத்துவந்து இங்கே கமிஷனுக்குக் கொடுக்கிற ஏஜென்ட். முப்பது வயது ஆகியும் கல்யாணம் ஆகவில்லை. பேச்சு குறைவு. ரயில் போனபிறகு அந்த மேடையில் வந்து இறங்குகிற அமைதிக்காகவே அவன் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்றுகூடச் சொல்லலாம். புகை கரைந்து, தண்டவாளத்தின் அதிர்வு அடங்கி, ஏரியில் ஒரு நாரை காலை மாற்றி வைப்பதுவரை பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு பழைய பேப்பர் கட்டிலிருந்து ஒன்றை உருவிப் படிக்க ஆரம்பிப்பான்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு ஜன்னல் வந்து வாய்த்தது.

காலை ரயிலின் மூன்றாவது பெட்டியில் மூன்றாவது ஜன்னல், புளியமரத்தின் புண்ணியத்தில், தினமும் டிக்கெட் அறையின் துவாரத்துக்கு நேர் எதிரே வந்து நின்றது. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சின்னசேலத்தில் ஏறி ஆத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வேலைக்குப் போகிறவள். சாயங்காலம் அவள் டூட்டி முடிகிற நேரத்துக்கு ரயில் கிடையாது. பஸ்ஸில் திரும்பிவிடுவாள். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம்தான். அந்த நிமிஷத்திலும் பெரும்பகுதி, ஊதல் சத்தம் கேட்டபிறகு ஓடிவருகிறவர்களுக்கு டிக்கெட் கொடுப்பதிலேயே போய்விடும்.

பல மாதங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதோடு சரி. ஒரு சித்திரை மாதத்தில் அவள் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி, "கொஞ்சம் தண்ணி கெடைக்குமாங்க?" என்றாள். தைரியநாதன் பானையில் மொண்டு டம்ளரைக் கொடுத்தான். அவள் குடித்து முடிப்பதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. டம்ளர் ஆத்தூர் போய்விட்டு மறுநாள் பளபளவென்று திரும்பி வந்தது.

"உங்க டம்ளருங்க. புளி போட்டு வெளக்கிட்டேன்."

அதற்குப் பிறகு நாளைக்கு ஒரு வார்த்தை என்று ஏற்பட்டது. ஒரு நாள் அவள் கேட்பாள், "இன்னா படிக்கிறீங்க எப்பப் பாத்தாலும்?" மறுநாள் அவன் சொல்வான், "பழைய பேப்பருங்க." அடுத்த நாள், "பழசுல இன்னா இருக்குது?" அதற்கு அவன் ராத்திரி பூரா யோசித்து மறுநாள் சொன்னான், "புதுசுல இல்லாதது இருக்குது." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ரயில் போய்விட்டதால் அது எப்படி முடிந்திருக்கும் என்று அவன் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தான்.

இந்தக் கணக்கில் அவள் பெயர் ரெஜினா என்பதையும், அப்பா சின்னசேலம் பக்கத்து மாதா கோயிலில் உபதேசியார் என்பதையும் தெரிந்துகொள்ள ஆடி மாதம் ஆகிவிட்டது.

"எங்க எக்ஸ்சேஞ்சுல டிரங்க் கால் போட்டா மூணு நிமிஷங்க," என்றாள் ஒரு நாள். "அதுக்குள்ள சண்ட போட்டு, சமாதானமாயி, சம்பந்தமே பேசி முடிச்சிடுறாங்க. நீங்க ஒரு நிமிஷத்த வெச்சிக்கினு இன்னா பண்றீங்க?"

அது கேள்வி இல்லை, குத்தல் என்பது புரிய அவனுக்கு இரண்டு நாள் பிடித்தது. புரிந்தபிறகு ஒரு புதன்கிழமை, முன்கூட்டியே எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டு, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, ரயில் வந்து நின்றதும் கேட்டான்.

"ஒரு ஞாயித்துக்கிழம எங்க அம்மாவக் கூட்டிக்கினு உங்க வூட்டுக்கு வரட்டுங்களா?"

ரெஜினா அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அதற்குள் எஞ்சின் ஊதியது. "நாளைக்கிச் சொல்றேன்," என்றாள். ரயில் போய்விட்டது.

மறுநாள் ரயில் வரவில்லை. எண்பத்தேழு செப்டம்பர் அது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

கடலூர் ரோட்டிலும் சேலம் ரோட்டிலும் நின்ற புளியமரங்களையெல்லாம் வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. தண்டவாளத்திலும் ஆட்கள் உட்கார்ந்ததால் ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் வதந்தி. எங்கோ துப்பாக்கிச் சூடு என்றார்கள், எங்கோ சேரியில் குடிசைகள் எரிந்தன என்றார்கள். தைரியநாதனின் தெருவில் பெரியவர்கள் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மில் வேலைக்குப் போகிற பச்சமுத்து, அவனும் மறியலில் உட்கார்ந்தவன்தான், ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் வந்து அந்தத் தெருமுனையில் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றான். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. தைரியநாதன் போய் அவன் பக்கத்தில் நின்றான். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

பீடி பாதி கரைந்ததும் பச்சமுத்துதான் பேசினான். "எங்க புள்ளைங்க ரயில்ல போனா மட்டும் போதுமாடா? ரயில்வேலயும் வேலைக்குப் போவ வேணாவா?"

"வேணுந்தான்," என்றான் தைரியநாதன்.

"அப்பறம் ஏன் மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு கீற?"

தைரியநாதன் மனசில் ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்றாளே, அந்த நாளைக்கு எப்போது வரும்? சைக்கிளை எடுத்துக்கொண்டு சின்னசேலத்துக்கே போய்விடலாமா என்று நினைத்தான். அவள் வீட்டு வாசலில் போய் நின்றால் உபதேசியார் வந்து, யாரப்பா நீ என்பார். என்ன சொல்வது? டம்ளர் கொடுத்தவன் என்றா? ரயிலில் கேட்டதற்கு ரயிலில்தான் பதில் வரவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மறியல் முடிந்து மறுபடி ரயில் விடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தைரியநாதன் விடியற்காலையிலேயே ஸ்டேஷனுக்கு வந்தான். அறையைக் கூட்டினான், பானையைக் கழுவித் தண்ணீர் நிரப்பினான், தலை நிமிர்ந்து மேற்கே பார்த்தான். அங்கே ஆகாயம் அதிகமாக இருந்தது. என்ன குறைகிறது என்று உடனே புரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தபோது, புளியமரம் இருந்த இடத்தில் ஓர் ஆள் படுத்துத் தூங்குகிற அகலத்துக்கு அடிக்கட்டை மட்டும் இருந்தது. மரம் பக்கத்திலேயே, ஸ்டேஷனுக்கு வருகிற மண்ரோட்டின் குறுக்கே, அழகாகப் படுத்துக் கிடந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்பது ரயில் வந்தபோதுதான் தெரிந்தது.

டிரைவர் சின்னதுரை அந்தப் பாதையில் பல வருஷமாக ஓட்டுகிறவர். கண்ணை மூடிக்கொண்டு நிறுத்துவேன் என்று பெருமையடிப்பார். அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு குறியைத் தேடினார். காணவில்லை. தேடிக்கொண்டே வந்தவர் கண்ணில் அதற்கப்புறம் பட்டது வாய்க்கால் பாலத்தின் வெள்ளைச் சுவர். அதற்கு நேராக நிறுத்திவிட்டார். சரியாக இரண்டு பெட்டி நீளம் தள்ளி.

முதல் இரண்டு பெட்டிகள் மேடையைத் தாண்டிக் கருவேல முள்ளுக்கு நடுவில் நின்றன. அதிலிருந்து குதித்த ஒருவர் வேட்டியைத் தைக்கக் கொடுக்கவேண்டியதாயிற்று. செல்லியம்மாள் கூடையைத் தலைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு, "நிறுத்துய்யா, நிறுத்துய்யா," என்று நின்றுகொண்டிருந்த ரயிலைப் பார்த்துக் கத்தியபடி ஓடினாள். வழியெல்லாம் சீத்தாப்பழம் உருண்டது.

தைரியநாதன் துவாரத்தின் வழியாகப் பார்த்தான். மூன்றாவது பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் ஐந்தாவது பெட்டி நின்றது. அதில் ஒரு பருத்த மனிதர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்து, "இன்னா ஸ்டேஷன் இது?" என்றார். தைரியநாதன் எழுந்து வெளியே ஓடப்பார்த்தான். முன்னால் எட்டுப் பத்து கைகள் டிக்கெட்டுக்கு நீண்டிருந்தன.

"சீட்டக் குடுத்துட்டு ஓடு தம்பி!" என்று எங்கிருந்தோ செல்லியம்மாளின் குரல் வந்தது.

டிக்கெட்டைக் கொடுத்து முடித்து அவன் வெளியே வரும்போது ரயில் நகர்ந்துவிட்டது. தூரத்தில் மூன்றாவது பெட்டி ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு ஆடியது. வா என்கிறதா, வேண்டாம் என்கிறதா? அந்தக் கை ஆடியதையே அவன் அன்று முழுக்கத் தன் கையால் ஆட்டி ஆட்டிப் பார்த்தான். இப்படி ஆட்டினால் வா மாதிரி இருந்தது. இப்படி ஆட்டினால் வேண்டாம் மாதிரி இருந்தது. ஏரியில் நாரை காலை மாற்றி வைத்ததை அன்று அவன் கவனிக்கவில்லை.

மறுநாளும் சின்னதுரை அதே வெள்ளைச் சுவரில்தான் நிறுத்தினார். அதே முள், அதே ஓட்டம், அதே இட்லிக்காரர். இந்தத் தடவை அவர், "ஒரு ஆத்தூர் குடு தம்பி, நேத்து வாங்காம வந்துட்டேன்," என்று வேறு கையை நீட்டினார்.

அன்று வண்டி கிளம்பியபோது பச்சமுத்து ஏறமுடியாமல் முள்ளுக்குள் சிக்கிக்கொண்டான். கெந்திக்கொண்டே டிக்கெட் அறைக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்து முள் எடுக்க ஆரம்பித்தான்.

"எந்தப் பயடா அந்த மரத்த வெட்டுனவன்?" என்றான் தைரியநாதன். அவன் அப்படிக் கோபமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

பச்சமுத்து முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "நாந்தான்."

"நீயா?"

"போலீஸ் லாரி இந்தப் பக்கமா வருதுன்னு சொன்னானுங்க. அதான் ரோட்ட மறிச்சோம்."

"இந்த ரோட்லயா? இதுல மாட்டு வண்டி வந்தாலே குடை சாயும். பஸ்ஸே வராத ரோட்டுல எவனடா வந்து மறிபடுவான்?"

"இப்பத் தெரியுது. அன்னிக்குத் தெரில. ரோட்டு மரமெல்லாம் முந்தின நாளே தீந்துபோச்சு. எங்க ஊர் பங்குக்கு ஒரு மரம் வேணும்ல? நின்னிச்சு, வெட்டிட்டோம்." முள்ளைப் பிடுங்கி எறிந்தான். "நான் இன்னா கண்டேன், அது ரயிலுக்குச் சொந்தக்கார மரம்னு. அது நெழல்ல தெனம் நிக்கிறவன் நானு. எனுக்கே முள்ளு குத்துது பாரு. இதுக்கு மேல இன்னாடா தண்டன?"

தைரியநாதன் ரயில் போன திசையையே பார்த்தான். பச்சமுத்து அவன் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அந்த மூணாவது பொட்டிப் பொண்ணுதான?"

"எந்தப் பொண்ணு?"

"டேய். டம்ளரு ஆத்தூரு போய்ட்டு வந்தது ஸ்டேஷனுக்கே தெரியும். செல்லியம்மாக்கா தேதியே வெச்சிட்டா. கேட்டுட்டியா?"

"கேட்டேன். நாளைக்கிச் சொல்றேன்னுச்சு. அந்த நாளைக்குள்ள நீங்க மறியல் பண்ணிட்டீங்க."

பச்சமுத்து தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு பச்சமுத்து எழுந்தான்.

"வெட்டுனவன் நானு. நானே நிக்கிறேன்."

"எங்க?"

"மரம் இருந்த எடத்துலடா. கையில ஒரு கெளைய வெச்சிக்கினு கட்டை மேல ஏறி நிக்கிறேன். சின்னதொர எனக்கு நேரா நிறுத்தட்டும். ஒரு நிமிஷத்துக்கு நான் மரம்."

சாயங்கால வண்டியில் திரும்பி வந்த செல்லியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தண்ணீர் குடிக்க இறங்கியிருந்த சின்னதுரையிடம் நேராகப் போனாள். "யோவ் டைவரே, நாளைக்கிக் காலைல அந்த எடத்துல மரம் மொளச்சிடும். பாத்து நிறுத்து. இன்னொரு வாட்டி என் பழம் உருண்டுச்சு, உன் எஞ்சின உருட்டிடுவேன்."

"ஒரே ராத்திரில மொளைக்குமா?"

"மொளைக்கும். மீச வெச்ச மரம்."

அடுத்த நாள் காலை ஸ்டேஷனில் என்றைக்கும் இல்லாத ஒழுங்கு. சிக்னல் விழுகிற மாதிரி ஒன்றும் அங்கே இல்லாவிட்டாலும் எல்லோரும் ரயில் வருவதற்கு வெகுமுன்பே வந்துவிட்டார்கள். கேட்காமலே வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டார்கள். வாங்கியபிறகும் யாரும் நகரவில்லை. ஆளாளுக்கு எதையோ பார்ப்பது போல் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தைரியநாதன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டிருந்தான். அதை யாரும் கவனிக்காதது போல் கவனித்தார்கள்.

மேற்கு முனையில் அடிக்கட்டை மேல் பச்சமுத்து, ரோட்டில் கிடந்த மரத்திலிருந்து வெட்டிய கிளை ஒன்றை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

ரயில் வந்தது. சின்னதுரை எட்டிப் பார்த்தார். மீசை வைத்த மரத்தைக் கண்டதும் நீளமாக ஒரு ஊதல் கொடுத்தார். புகைபோக்கி ஊர்ந்து ஊர்ந்து வந்து பச்சமுத்துவுக்கு நேராக, ஒரு சாண்கூடத் தவறாமல், நின்றது.

"ஏம்பா, மறியலுக்கு முன்னாடி எம்மாம் பெருசா இருந்த!" என்றார் சின்னதுரை மேலேயிருந்து. "ஒரே வாரத்துல இப்டி எளச்சிட்டியே!"

கடைசிப் பெட்டியின் கதவு செல்லியம்மாளின் முதல் கூடைக்கு நேராக இருந்தது. மூன்றாவது பெட்டியின் மூன்றாவது ஜன்னல் டிக்கெட் துவாரத்துக்கு நேராக இருந்தது.

அதில் மடியில் கோழியை வைத்துக்கொண்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார்.

தைரியநாதன் அவரையும் கோழியையும் பார்த்தான். பக்கத்து ஜன்னலைப் பார்த்தான். அதற்கடுத்ததைப் பார்த்தான். இல்லை. ஆக, முந்தாநாள் ஆடிய கை வேண்டாம் என்றுதான் ஆடியிருக்கிறது. முகத்துக்கு நேரே சொல்ல மனசு வராமல் பஸ்ஸில் போய்விட்டாள். நல்ல பெண். சொல்லாமல் சொல்வது ஒரு நாகரிகம். அவன் அதை எடுத்து உள்ளே வைத்துக்கொள்ள முயன்றான். மேடையே பேச்சில்லாமல் நின்றது. எஞ்சின் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அமைதி எவ்வளவு பிடிக்கும் அவனுக்கு, ஆனால் இந்த அமைதியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"இன்னாத்தப் பாக்குற?" என்றார் கிழவர். "கோழி விக்கிறதுக்கில்ல."

எஞ்சின் ஊதியது. பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நகர ஆரம்பித்தன. கிழவரும் கோழியும் மேற்கே போனார்கள். தைரியநாதன் துவாரத்தின் பலகையை இழுத்து மூடக் கையை வைத்தான்.

"ஏங்க! ஏங்க, டிக்கெட்டு!"

தினமும் நூறு பேருக்கு லைன் கொடுத்துப் பழகிய குரல். ரயில் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு கிழக்கேயிருந்து வந்தது. அவன் பலகையைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தான். ஐந்தாவது பெட்டி வந்துகொண்டிருந்தது. அதன் ஜன்னலில், இட்லிக்காரருக்கு எதிரில், கம்பியைப் பிடித்துக்கொண்டு ரெஜினா.

"ரெண்டு நாளா வண்டி தள்ளித் தள்ளி நிக்குதேன்னு ரெண்டு பொட்டி பின்னாடி வந்து உக்காந்தா," என்று அவள் கத்தினாள், "நீங்க வண்டியவே பின்னாடி நிறுத்திட்டீங்களா!"

அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து விழுந்தான். அவள் ஜன்னல் அறையைத் தாண்டிக்கொண்டிருந்தது. கூடவே நடந்தான்.

"உங்களத்தான் தேடினேன்," என்றான். அதற்கு மேல் வரவில்லை.

"ஞாயித்துக்கிழம வேணாங்க!"

அவன் நடை நின்றுபோகப் பார்த்தது. அதற்குள் பின்னாலிருந்து கடைசிப் பெட்டி வந்துவிட்டது. அதன் கதவில் கூடைகளுக்கு நடுவில் நின்ற செல்லியம்மாள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "நிக்காத! ஓடு, அது இன்னும் முடிக்கல!"

ஓடினான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை பறக்க ஓடினான். ஐந்தாவது பெட்டியை அவன் மறுபடி எட்டிப் பிடித்தபோது மேடை முடியப்போகிற இடம் வந்துவிட்டது. அடிக்கட்டை மேல் கிளையோடு பச்சமுத்து வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"அப்பா உபதேசியாருங்க! ஞாயித்துக்கிழம கோயில வுட்டு எப்டி வருவாரு?" ரெஜினா கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு சொன்னாள். "திங்கக்கிழம காலைல வாங்க! நான் லீவு போட்டுட்டேன்!"

இட்லிக்காரர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "போய்ட்டு வா தம்பி, நல்ல எடம்," என்றார், ஏதோ தான்தான் பேசி முடித்ததுபோல.

முள்ளுக்குள் ஓடமுடியாது. தைரியநாதன் அடிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். எஞ்சின் வெள்ளைச் சுவரைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, வளைவில் திரும்பியது. ஜன்னலிலிருந்து ஒரு கை ஆடியது. இந்தத் தடவை அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. கடைசிப் பெட்டிக் கதவிலிருந்து செல்லியம்மாள் ஒரு சீத்தாப்பழத்தைக் குறிபார்த்து எறிந்தாள். அது பச்சமுத்துவின் கிளையில் பட்டுக் கீழே விழுந்தது.

புகை கரைந்தது. தண்டவாளம் அடங்கியது. ஏரியில் நாரை காலை மாற்றி வைத்தது. தைரியநாதனுக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பு வந்தது, இரண்டும் கலந்து இருமலாக முடிந்தது.

"என் வண்டி போச்சு," என்றான் பச்சமுத்து கடைசியில். கிளையை இன்னும் இறக்கவில்லை. "மில்லுல திட்டுவானுங்க. போவட்டும். திங்கக்கிழமதான?"

"திங்கக்கிழம."

"உங்கம்மாவக் கூட்டிக்கினு காலைலயே கெளம்பிடுவ. சீட்டு யாரு குடுக்கறது?"

"நீதான்."

"நானா? சரி, குடுத்துடறேன். தேதி குத்தறது எப்டின்னு காட்டு." பச்சமுத்து யோசித்தான். நெற்றி சுருங்கியது. "நான் உள்ள உக்காந்துக்கினா, இங்க மரமா யாருடா நிக்கிறது?"

தைரியநாதன் குனிந்து சீத்தாப்பழத்தை எடுத்தான். அது விழுந்ததில் வாய் பிளந்திருந்தது. பாதியைப் பச்சமுத்துவிடம் நீட்டினான்.

"அன்னிக்கு அது லீவுடா. வண்டி எங்க வேணா நிக்கட்டும்."